மீன் ஆணவம்

நுஸைபாவுக்கு ஆணவம் என்று முதலில் சொன்னது சொந்தக்காரர்கள் இல்லை, கருவி. அடுப்படியில் கைபேசியை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, "அஸ்ஸலாமு அலைக்கும், இன்னைக்கு நம்ம வீட்ல மீன் ஆணம்" என்று அவள் பாட்டுக்குப் பேசினாள். பேச்சைக் கேட்டுத் தானாகவே எழுத்துப் போடும் அந்தக் கருவி, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "இன்னைக்கு நம்ம வீட்ல மீன் ஆணவம்" என்று கீழே போட்டது. அடுத்த வாரம் கறி ஆணவம். அதற்கடுத்து பருப்பு ஆணவம். சொந்தக்காரர்கள் பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் அவள் காதுபடவே, "மெஷினுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு பாரு" என்று சொல்லிச் சிரித்தார்கள்.

நாகூரில் அவர்கள் வீடுகளில் குழம்புக்கு ஆணம் என்றுதான் பேர். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அதுவே குழம்பாகிவிடும். வீட்டுக்குள் ஆணம், கடைத்தெருவில் குழம்பு. இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. கருவிக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அவளே உட்கார்ந்து ஒவ்வொரு ஆணவத்தையும் திருத்தினாள். வீடியோ எடுக்கிற நேரத்தைவிட அதற்கு நேரம் பிடித்தது. விட்டுவிட்டாள்.

சேனல் தொடங்கியதே ஜாபிரால்தான். அவள் கணவன். கல்யாணமானதிலிருந்து குவைத்தில், ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை. தினமும் போன் வரும். சலாம் சொல்லி முடித்ததும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "இன்னைக்கு என்ன ஆணம்?" என்பதுதான். உடம்பு எப்படி, மழை பெய்ததா, ஊரில் என்ன சேதி, எல்லாம் அதற்குப் பிறகு. மெஸ் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு அவன் அப்படிக் கேட்கும்போது அவள் புளி கரைத்ததிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்வாள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்து, ஒருநாள் ஆக்குவதைப் படம் பிடித்தே அனுப்பினாள். அவன் அறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். "இதை ஊருக்கே போடலாமே புள்ள" என்றான் ஜாபிர். சேனலுக்குப் பேர் வைக்க அவர்கள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'இன்னைக்கு என்ன ஆணம்?'

முகம் காட்டமாட்டாள். இரண்டு கைகள், ஒரு சட்டி, ஒரு குரல். அது யாரும் போட்ட கட்டுப்பாடு இல்லை, அவளாக வைத்துக்கொண்டது. "கையப் பாத்து ஆக்கட்டும். மூஞ்சியப் பாத்தா ஆணம் ருசிக்கப்போவுது?" என்பாள். ஆனால் அவள் போடுகிற வீடியோவை ஜாபிர் சத்தம் வைத்துக் கேட்பதில்லை. நாலு பேர் தங்கும் அறை. ஷிஃப்ட் மாறி மாறி வரும், எப்போதும் ஒருவராவது தூங்கிக்கொண்டிருப்பார். அதனால் சத்தத்தை அணைத்துவிட்டுக் கீழே ஓடுகிற எழுத்தைப் படித்தே பார்ப்பான். அறைக்காரர்கள் எட்டிப் பார்த்து, "உன் பொண்டாட்டி இன்னைக்கு என்ன ஆணவம் வச்சிருக்கா?" என்று கேலி செய்வார்கள். அவனுக்குச் சுருக்கென்று இருக்கும்.

போன விடுமுறையில் வந்தவன், தஞ்சாவூரில் வசந்தகுமார் என்று ஒருவர் சேனல் வளர்ப்பதற்குப் பயிற்சி கொடுக்கிறார் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினான். புது பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை மாடி. கீழே பயிர் வளர்வதற்கு, மேலே சேனல் வளர்வதற்கு, எல்லாவற்றுக்கும் ஒரே கட்டடத்தில் ஏற்பாடு என்று நுஸைபா மனசுக்குள் சிரித்துக்கொண்டே படியேறினாள். உர மூட்டை வாடை மாடிவரை வந்தது.

வசந்தகுமார் நல்ல பிள்ளை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை பல பேருடைய சேனலைத் தூக்கிவிட்டவன். அவளுடைய சேனலைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினான். ஆட்கள் எந்த இடத்தில் வீடியோவை விட்டுப் போகிறார்கள் என்று ஒரு கோடு வளைந்து வளைந்து போனது.

"இங்க பாருங்க மேடம். மீன் கழுவ ஆரம்பிச்சதும் பாதிப் பேரு எந்திரிச்சுப் போயிடறாங்க."

"வாடைக்குப் பயந்துட்டாங்க போல."

அவனும் சிரித்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். கொதிக்கிற சட்டியை முதலில் காட்டிவிட்டு அப்புறம் கழுவுங்கள். முகப்புப் படம் இரண்டு விதமாகச் செய்து, எது எடுபடுகிறதென்று பாருங்கள். பெரிய வீடியோவிலிருந்து ஒரு நிமிடத் துண்டுகள் வெட்டிப் போடுங்கள். விளம்பர வருமானத்தை மட்டும் நம்பாதீர்கள், அது தளத்தை நடத்துகிறவர்கள் கையில் இருப்பது. பார்க்கிறவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து வையுங்கள், உங்கள் மசாலாத்தூளை நீங்களே விற்கலாம். காலர் மைக் ஒன்று வாங்குங்கள், உங்கள் மிக்ஸி உங்களைவிடச் சத்தமாகப் பேசுகிறது. தொண்டை கட்டிக்கொண்டாலும் கவலையில்லை, குரலை நகலெடுத்துப் பேசும் கருவி வந்துவிட்டது. அவள் எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டாள். நியாயமாகவே பட்டது. உரமில்லாமல் எந்த வயல் விளைகிறது?

அப்புறம்தான் அவன் அந்தக் கட்டத்தைத் திறந்தான். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று சொல்லும் கருவி. 'ஆணம்' என்று அடித்தான். பூஜ்யம். 'குழம்பு' என்று அடித்தான். எண்கள் திரையின் ஓரம்வரை ஓடின.

"பாத்தீங்களா? ஆணத்தைத் தேடறவங்களே இல்லை மேடம்."

"தொலைச்சவங்கதானே தம்பி தேடுவாங்க?"

"பேச்சுக்கு நல்லா இருக்கு மேடம். ஆனா உங்க வீட்டு ஆளுங்களுக்குத்தான் ஆணம் ஏற்கெனவே தெரியுமே. அப்ப இந்த வீடியோ யாருக்கு?" வசந்தகுமார் மரியாதையாகத்தான் கேட்டான். "குழம்புன்னு மாத்திருங்க. அந்த ஆணவம் பிரச்சனையும் அதோட தீந்துடும்."

ஜாபிர் அவள் முகத்தையே பார்த்தான். அந்தப் பார்வையில் ஆசை இருந்தது. அதை அவளால் உடைக்க முடியவில்லை. "பாக்கலாம் தம்பி" என்றாள்.

பாக்கலாம் என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று பெண் கேட்டு வருகிற தரகருக்குத் தெரியும், நன்கொடை கேட்டு வருகிற கட்சிக்காரருக்குத் தெரியும், சீட்டுப் பிடிக்கிற அக்காவுக்குத் தெரியும். 'முடியாது, ஆனால் உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எனக்கு மனசில்லை' என்று அர்த்தம். வசந்தகுமார் தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்தவன். ஆனாலும் அன்றைக்கு அவன் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டான். ஜாபிர் அங்கேயே உட்கார்ந்து, சேனலை நிர்வகிக்கும் அனுமதியை அவனுக்குக் கொடுத்தான். அவள் தடுக்கவில்லை.

ஜாபிர் திரும்பிப் போனான். சேனல் வளர்ந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வளர்ந்தது. வீடியோ எடுத்து அனுப்புவது மட்டும் அவள் வேலை, வெட்டி ஒட்டிப் போடுவது வசந்தகுமார் ஆட்கள் வேலை என்றானது. அவளும் மசாலா வறுக்கவும் பாக்கெட் போடவும் நேரம் கிடைத்ததென்று, அவர்கள் போட்டதைத் திறந்துகூடப் பார்க்காமல் நிம்மதியாக இருந்தாள். ஒரு மசாலாக் கம்பெனி தேடி வந்தது. ஒரு வருஷத்துக்கு அவர்கள் பொடியை வைத்துச் சமைக்க வேண்டும், மாதாமாதம் பணம். ஜாபிர் போனில் குதித்தான். "இது மட்டும் கையெழுத்தாயிடுச்சுன்னா வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேன் நுஸைபா. இந்த நோன்பு ஊர்லதான். உன் கஞ்சியக் குடிச்சுத்தான் நோன்பு தொறப்பேன், இன்ஷா அல்லாஹ்."

அவளுக்கும் அந்த ஆசை இல்லாமலா? கல்யாணமான நாளாக அவள் புருஷனோடு குடும்பம் நடத்தியதெல்லாம் விடுமுறைக் கணக்கில்தான். அவனுக்குச் சுடச்சுடப் பரிமாறிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவள் பெரிதாக எதையும் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டை ஒழுங்குபண்ணிக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் சந்திரலேகா மீன் கொண்டுவந்தாள். நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஏலம் எடுத்து நாகூர்த் தெருக்களில் விற்கிறவள். நுஸைபாவின் பெரும்பாலான வீடியோக்களில் முதலில் தெரிவது சந்திரலேகாவின் அலுமினியக் கூடைதான். கூடையை இறக்கி வைத்தவள் மீனைப் பற்றிப் பேசாமல் நுஸைபாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"ஒடம்பு கிடம்பு சரியில்லையோன்னு பாத்தேன். நேத்து ஒன் வீடியோவக் கேட்டேன். என்னம்மா, எங்க ஆளுங்க மாதிரி குழம்பு குழம்புங்கற? இத்தனை வருசத்துல ஒருநா ஒன் வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்ல."

"நான் எங்கக்கா சொன்னேன்?"

"நீதான். ஒன் கொரலுதான். எனக்கென்ன காது அடைஞ்சா போச்சு?"

நுஸைபா கையைத் துடைத்துக்கொண்டு வீடியோவைப் போட்டாள். கைகள் அவளுடையவை. சட்டி அவளுடையது. "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றது அவள் குரல். அடுத்து அதே குரல், அதே இழுவையோடு, "இன்னைக்கு நம்ம வீட்ல மீன் குழம்பு" என்றது. கீழே எழுத்தும் பிசகில்லாமல் 'மீன் குழம்பு' என்று ஓடியது. குரலை நகலெடுக்கும் கருவி ஒன்று இருப்பதாக வசந்தகுமார் அன்றைக்குச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. இரண்டு வாரமாக வந்த எல்லா வீடியோவிலும் அந்த நகல் பெண்தான் பேசிக்கொண்டிருந்தாள். சேனல் பெயரைப் பார்த்தாள். 'நாகூர் குழம்பு' என்றிருந்தது.

அவளுக்கு உடம்பு கூசியது. தன் துணியை வேறொருத்தி உடுத்திக்கொண்டு தன் வீட்டு அடுப்படியிலேயே நிற்கிற மாதிரி இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. கைபேசியைப் படாரென்று மேடையில் வைத்தாள். சந்திரலேகா பயந்துபோய், "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனாம்மா?" என்று கேட்டாள்.

"நீங்கதான்க்கா சரியாச் சொன்னீங்க" என்று சொல்லிவிட்டு வசந்தகுமாருக்குப் போன் போட்டாள்.

"மேடம், நானே கூப்பிடணும்னு இருந்தேன். பாத்தீங்களா, வியூஸ் எங்க போயிருக்குன்னு?"

"என் குரல்ல பேசறது யாரு?"

"அது டூல் மேடம். உங்க பழைய வீடியோவுலேர்ந்து எடுத்ததுதான். நீங்க சொல்ற எல்லாம் அப்படியே இருக்கு. அந்த ஒரு சொல்ல மட்டும்தான் மாத்தியிருக்கோம்."

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"நீங்கதானே மேடம் பாக்கலாம்னீங்க."

"தஞ்சாவூர்ல பொறந்துட்டு பாக்கலாம்னா என்னன்னு தெரியாதா உங்களுக்கு?"

அவன் குரலைத் தாழ்த்தி, "தெரியும் மேடம். ஆனா வளர்ந்துட்டா நீங்களே ஒத்துக்குவீங்கன்னு நெனச்சேன். கம்பெனிக்காரங்க வந்ததே குழம்புக்குத்தான். அவங்க விக்கிறது குழம்புப் பொடி. இப்ப போயி ஆணம்னா ஒப்பந்தம் நிக்காது. சார் வேற ஊருக்கு வர்றேன்னு சொன்னாரே" என்றான்.

அவன் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "தம்பி, எனக்கு நிறையச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, மறக்க மாட்டேன். இதுல மட்டும் பாக்கலாம்னு சொன்னது என் தப்பு. இப்பச் சொல்றேன். முடியாது" என்று போனை வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஜாபிர் கூப்பிட்டான். வசந்தகுமார் அவனிடம் பேசிவிட்டான் என்று குரலிலேயே தெரிந்தது. அன்றைக்கு அவன் ஆணத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒரு சொல்லுதானே நுஸைபா. அதுக்குப் போயி இப்படியா? நான் மேனேஜர்கிட்ட வாய்விட்டுச் சொல்லிட்டேன், வேலைய விடப்போறேன்னு. இன்னும் எழுதிக் குடுக்கலை, அவ்வளவுதான்."

"ஒரு சொல்லுதான் மச்சான். நீங்க போன் பண்ணினா மொத மொதல்ல கேக்கற சொல்லு."

"நாம வீட்டுக்குள்ள சொல்லிக்கிட்டா போவுது. வெளிய எப்படி இருந்தா என்ன? ஏற்கெனவே ஆணவம், ஆணவம்னு சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டுமே. என் வாயில வராத வார்த்தைய என் குரல்ல சொல்ல வச்சிருக்காங்க. அதைச் சத்தம் வச்சு ஒரு தடவையாச்சும் கேட்டீங்களா?"

"ரூம்ல ஆளு தூங்குது, எப்படிக் கேக்கறது?"

"வெளிய போயிக் கேளுங்க. எல்லாத்தையும் எடுத்துடப் போறேன். உங்களுக்காக ஒண்ணை மட்டும் விட்டு வைக்கிறேன்."

"கேட்டா மட்டும் மாறிடுமா? எனக்கு ஊருக்கு வரணும் புள்ள."

அவன் குரல் உடைந்தது. அவளுக்கு அழுகை வந்தது. வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு, "எனக்கும் நீங்க வரணும். ஆனா வேற எவளோ ஒருத்தி குரலுக்கு நீங்க வர வேண்டாம். நீங்க மாறலைன்னாலும் சரி, நான் மாத்த மாட்டேன்" என்றாள். அவன் பதில் சொல்லாமல் போனை வைத்தான்.

அனுமதியை எடுக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமானது. அமைப்புகள், அதற்குள் அனுமதிகள், அதற்குள் வசந்தகுமாரின் பேர். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது. எவ்வளவு மரியாதையாகக் கேட்கிறது பார் என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். இரண்டு வாரத்து வீடியோக்களை, ஒன்றைத் தவிர, ஒவ்வொன்றாக எடுத்தாள். அவளுடைய சேனல் வாழ்க்கையிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோவும் அதில் போனது. பழைய பெயரைத் திரும்பப் போட்டாள். லுஹர் தொழுதுவிட்டு வந்து, சந்திரலேகா விட்டுப்போன கொடுவா மீனைத் தட்டில் எடுத்து வைத்து, கைபேசியை ஸ்டாண்டில் மாட்டி, நேரலையைத் தொடங்கினாள். சந்திரலேகா வியாபாரத்தை முடித்துவிட்டுத் திரும்பி வந்து, கேமராவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ரெண்டு வாரமா இந்த சேனல்ல என் குரல்ல ஒண்ணு பேசிக்கிட்டு இருந்துச்சு. அது நான் இல்லை. அது சொன்ன சொல்லு என் சொல்லு இல்லை. குழம்பு ஒண்ணும் கெட்ட வார்த்தை இல்லை. எனக்கு மீன் குடுக்கற அக்கா வீட்ல அது குழம்புதான், அந்தக் குழம்பும் நல்லா இருக்கும்."

"நல்லாத்தான் இருக்கும்" என்றாள் சந்திரலேகா ஓரத்திலிருந்து.

"எங்க வீட்ல இது ஆணம். எங்க உம்மா வீட்லயும் ஆணம். குவைத்துலேர்ந்து வர்ற போன்லயும் ஆணம். இதைத் தேடறதுக்கு ஆளே இல்லைன்னு கருவி சொல்லுது. இல்லாட்டிப் போவட்டும். அப்ப இந்த வீடியோ யாருக்குன்னு ஒரு தம்பி கேட்டாரு. அன்னைக்கு எனக்குப் பதில் தெரியலை. இப்பச் சொல்றேன். என்னைப் பாக்கணும்னு வர்றவங்களுக்கு. குழம்பைப் பாக்கணும்னு வர்றவங்களுக்கு ஆயிரம் சேனல் இருக்கு."

பேசிக்கொண்டே புளியைக் கரைத்து ஊற்றினாள். ஒருவர் எழுதினார், 'மேடம், கீழே ஆணவம்னு வருது.' இன்னொருவர், 'ஓவர் திமிர்' என்று எழுதிவிட்டு வெளியேறினார். அவர் பின்னாலேயே நிறையப் பேர் போனார்கள். பார்ப்பவர்களின் எண்ணிக்கை இறங்குவது அவள் கண்ணெதிரே தெரிந்தது. கோடு எப்படி வளையும் என்று அவளுக்கு இப்போது தெரியும். அன்றைக்கு மீனை அவள் கேமராவுக்கு முன்னாலேயே, மெதுவாகக் கழுவினாள்.

"ஆணவம்னு வருதா? வரட்டும். இனிமே நான் திருத்தப் போறதில்லை. என் வீட்டுச் சொல்லை என் வாயால சொல்றதுக்குப் பேரு ஆணவம்னா, அதுவே இருந்துட்டுப் போவட்டும். இன்னைக்கு நம்ம வீட்ல மீன் ஆணவம். நாளைக்குக் கத்தரிக்கா ஆணவம்." தேங்காய்ப்பாலை ஊற்றினாள். "இப்பத் தீயைக் குறைச்சு வச்சுக்கங்க. இல்லைன்னா திரிஞ்சு போயிடும்."

இதனால் மறுநாளே உலகம் புரண்டுவிடவில்லை. போனவர்கள் போனதுதான். பினாங்கிலிருந்து ஒரு பெண், 'ஆணம்னு சொல்லி யாரும் எங்கிட்டப் பேசி ரொம்ப நாளாச்சு லாத்தா' என்று, அக்காவைக் கூப்பிடுகிற முறையில் எழுதியிருந்தாள். அப்படிச் சில பேர் வந்தார்கள், அவ்வளவுதான். மசாலாக் கம்பெனியிலிருந்து தன்மையாக ஒரு செய்தி வந்தது. 'பிறகு பார்க்கலாம் மேடம்.' அதற்கு அர்த்தம் என்னவென்று அவளுக்கா தெரியாது? வசந்தகுமார் மட்டும், 'நேரலையில் மைக் தூரமாக இருக்கிறது மேடம், காலரில் மாட்டுங்கள்' என்று ஒரு வரி அனுப்பியிருந்தான். மாட்டிக்கொண்டாள்.

ஜாபிர் கூப்பிடவில்லை. ஒருநாள், இன்னொருநாள், அப்புறமும் கூப்பிடவில்லை. அவள் தினமும் ஆக்கினாள், படம் பிடித்தாள், ஒரு ஆணவத்தையும் திருத்தாமல் போட்டாள். சாப்பிட உட்காரும்போது மட்டும் தொண்டையில் இறங்கவில்லை. செய்தது சரிதானா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சரி என்று தெரியும். சரியானதைச் செய்துவிட்டு இப்படிச் சோறு இறங்காமல் உட்கார வேண்டியிருக்கிறதே என்றுதான் கோபமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த நேரத்துக்குப் போன் வந்தது. சலாம் சொன்னான். பதில் சொன்னாள்.

"கேட்டேன்" என்றான். "ஸ்டோருக்குப் பின்னால நின்னு, சத்தமா வச்சுக் கேட்டேன்."

"ம்."

"ஒன் கொரலுதான். ஒன்ன மாதிரியேதான் சலாம் சொல்லுச்சு. ஆனா எனக்குப் பதில் சலாம் சொல்ல வாய் வரலை நுஸைபா."

அவள் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"நோன்புக்கு வர முடியாது. மேனேஜர்கிட்ட போயி, வேலைய விடலைன்னு சொல்லிட்டேன்."

"தெரியும் மச்சான்." அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று காட்டிக்கொள்ள அவள் முயலவில்லை.

பின்னணியில், மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்திருந்த அவன் அறைக்காரர்கள் பேசுவது கேட்டது. ஒருவன் எதற்கோ சிரித்தான். ஜாபிர் அவர்களுக்கும் கேட்கும்படி, குரலை உயர்த்திக் கேட்டான்.

"சரி, சொல்லு புள்ள. இன்னைக்கு என்ன ஆணவம்?"

நுஸைபா சட்டியின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது.

"மீன் ஆணவம்தான். காரம் கொஞ்சம் தூக்கல்."

"எனக்குக் கொஞ்சம் எடுத்து வை."

"எடுத்தெல்லாம் வைக்க மாட்டேன்" என்றாள் அவள். "வர்ற அன்னைக்குப் புதுசா ஆக்கித் தர்றேன். வந்து கேளுங்க."